அவரையே கூப்பிடுங்க: குமரி மாவட்டப் பாட்டுக்காரருக்குப் பேர் உண்டாகிற விதம்

போன பங்குனியில் சுசீந்திரம் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் கொடைக்காக, அதாவது கோயில் திருவிழாவுக்காகக் கமிட்டி கூடியிருந்தது. நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பந்தல் யார், மைக் செட் யார், சமையல் யார் என்று ஒவ்வொன்றாகப் போனது. மைக் செட்டுக்கு மூன்று பேர் சொன்ன விலையை ஒரு நோட்டில் எழுதி, குறைவாகச் சொன்னவருக்கே கொடுத்தார்கள். பந்தலுக்கும் அப்படியே. வில்லுப்பாட்டு என்று வந்ததும் நோட்டை யாரும் திறக்கவில்லை. மூலையில் இருந்த பெரியவர் ஒருவர், “அந்த அக்காவையே கூப்பிடுங்க மக்கா. கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நீலி வருவாளே, அந்த இடத்தை அவதான் பாடணும், கேட்டியளா” என்றார். போன் போட்டார்கள். அன்றைக்கு ராத்திரி வேறு ஊரில் ஏற்றுக்கொண்டிருப்பதாகவும், மதியக் கொடைக்கு என்றால் வருவதாகவும் அந்த அம்மா சொன்னார். பத்து நிமிடம் பேசினார்கள். ராத்திரிக்கு வைத்திருந்த வில்லுப்பாட்டை மதியத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பந்தலும் மைக் செட்டும் “ஒண்ணு வேணும்” என்ற கணக்கில் வந்தன. அந்த அக்கா “அவங்கதான் வேணும்” என்ற கணக்கில் வந்தார். இசைக் கலைஞர்களுக்குப் பெர்சனல் பிராண்ட் வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று என்னைக் கேட்டால், இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் என்பேன். ஒரு பாட்டுக்காரரின் இடத்தில் இன்னொருவரை வைத்தால் கேட்பவருக்குக் குறை தெரிய வேண்டும். அது தெரிந்தால் அவருக்குப் பேர் உண்டாகிவிட்டது.

அந்த அக்காவுக்கு யூடியூப் சேனல் கிடையாது, லோகோ கிடையாது. சுற்றியுள்ள ஊர்களில் வாய்ப்பேச்சாகவே பேர் பரவியிருக்கிறது. ஒரு கொடையில் கேட்டவர் தன் ஊர்க் கொடைக்குச் சொல்வார், பெண் கொடுத்த ஊரிலும் சொல்வார். இந்த வழி பல தலைமுறையாக வேலை செய்தது. ஆனால் இன்றைக்கு ஊரில் பாதி வீடுகளின் பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். கொடைக்குப் பணம் அனுப்புவதும் அவர்கள்தான், நிகழ்ச்சியைக் கைப்பேசியில் பார்த்து முடிவு செய்வதும் பல இடங்களில் அவர்கள்தான். வாய்ப்பேச்சு போய்ச் சேராத தூரத்தில் பேர் எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் இப்போது எழுந்திருக்கும் கேள்வி.

இதற்கு ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போவதற்கு முன்னால் நம்மிடம் இருக்கிற சொல்லைப் பார்க்கலாம். முத்திரை. கர்நாடக இசையில் பாட்டு இயற்றியவர் தன் அடையாளச் சொல் ஒன்றைப் பாட்டுக்குள்ளேயே பதித்து வைப்பார். தியாகராஜருக்கு அவர் பேரே முத்திரை. முத்துசுவாமி தீட்சிதருக்கு குருகுஹ, சியாமா சாஸ்திரிக்கு சியாமகிருஷ்ண. இந்த மண் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தபோது அதை ஆண்ட சுவாதித் திருநாளுக்குப் பத்மநாப. நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் 1839இல் பிறந்த நீலகண்ட சிவனுக்கு, பத்மநாபபுரத்து நீலகண்டசாமி மேல் இருந்த பக்தியே பேராகவும் முத்திரையாகவும் ஆனது. அச்சிட்ட அட்டையோ ரிக்கார்டோ இல்லாத காலத்தில், பாட்டு கைமாறிக் கைமாறிப் போனாலும் இது இன்னாருடையது என்று தெரிய அவர்கள் கண்ட வழி அது.

இன்னொரு வழி ஊர்ப்பேர். செம்மங்குடி, அரியக்குடி, காருகுறிச்சி, சீர்காழி, திருவாவடுதுறை என்றாலே யாரைச் சொல்கிறோம் என்று இசை கேட்பவர்களுக்குத் தெரியும். அருணாசலம் என்ற பேரில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். காருகுறிச்சி அருணாசலம் ஒருவர்தான். ஊர் ஆளை அடையாளம் காட்டியது, ஆள் ஊரை அடையாளம் காட்டினார். காருகுறிச்சி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட அந்த நாதஸ்வரத்தை வைத்து ஊர்ப்பேரைச் சொன்னார்கள்.

நம் மாவட்டத்தில் ஊர்ப்பேர் வைப்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. “நாஞ்சில்” என்று முன்னால் போட்டால் எடுப்பாக இருக்கும், எழுத்திலும் அரசியலிலும் அது நன்றாகப் பழகிய அடைமொழி. ஆனால் நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம். மார்த்தாண்டத்துக்காரர் அதைப் போட்டுக்கொண்டால் ஊர்க்காரர்களுக்கே ஒட்டாது. “குமரி” பொதுவானது. ஆனால் மெல்லிசைக் குழு, செண்டை மேளம், டிராவல்ஸ், பேக்கரி வரை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. “கன்னியாகுமரி” என்று தேடினால் கடலும் வள்ளுவர் சிலையும் வரும். அதோடு இசை என்று சேர்த்துத் தேடினால் ஆந்திரத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரி வருவார். அந்த இடம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. நேற்றுத் தொடங்கிய ஒருவர் அங்கே நின்றால் யார் கண்ணிலும் பட மாட்டார்.

அதற்காக ஊர்ப்பேர் வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கொச்சியில் தைக்கூடம் என்ற இடத்தில் சேர்ந்து தங்கியிருந்தவர்கள் 2013இல் தங்கள் இசைக்குழுவுக்கு அந்த இடத்தின் பேரையே எடுத்து தைக்கூடம் பிரிட்ஜ் என்று வைத்தார்கள். தைக்கூடம் மட்டும் என்றால் இடம், பிரிட்ஜ் மட்டும் என்றால் பாலம். இரண்டும் சேர்ந்தபோது அது அவர்களை மட்டுமே குறித்தது. அதற்குப் பத்து வருடம் முன்னால் திருவனந்தபுரத்தில் இன்னொரு குழு அவியல் என்று பேர் வைத்தது. நமக்கும் அது வீட்டுச் சமையல்தான், சொன்னதும் மனதில் நிற்கும். ஆனால் இன்றைக்குப் புதிதாக ஒருவர் அந்தப் பேரோடு தொடங்கினால், தேடுபவருக்கு முதலில் தேங்காயும் முருங்கைக்காயும்தான் வரும். சின்ன ஊர்ப்பேர் பெரிய ஊர்ப்பேரைவிட நல்லது. முட்டம், தேங்காய்ப்பட்டணம், குலசேகரம், பூதப்பாண்டி, அருமநல்லூர் இவற்றில் ஒன்றோடு ஒரு பேர் சேரும்போது குழப்பத்துக்கு இடம் குறைவு.

பேரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பையன். கிட்டார் வாசிப்பான், சொந்தமாகப் பாட்டு எழுதுவான், குரல் நன்றாக இருக்கும். குமரி மேற்குப் பகுதியில் “ஜின்” என்றோ “பின்” என்றோ முடிகிற பேர்கள் வீட்டுக்கு ஒன்று இருக்கும். அவன் பேரும் அப்படித்தான். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து, “அண்ணே, என் பாட்டை யாரோ திருடிப் போட்டிருக்காங்க” என்று கைப்பேசியைக் காட்டினான்.

வாங்கிப் பார்த்தேன். யூடியூபில் அவன் சொந்தமாக நடத்துகிற சேனல் ஒன்று இருந்தது. அதில் பேருக்குப் பின்னால் “மியூசிக்” என்று சேர்த்திருந்தான். இன்னொரு இடத்தில் அவன் பாட்டே வேறொரு சேனலில் இருந்தது. பேருக்குப் பக்கத்தில் “டாபிக்” என்று போட்டிருந்தது. இதைத்தான் திருட்டு என்று நினைத்தான். திருட்டு இல்லை. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்ப ஒரு விநியோக நிறுவனத்திடம் கொடுத்திருந்தான். அவர்கள் யூடியூப் மியூசிக்குக்கும் அனுப்பியிருந்தார்கள். அப்படி வருகிற பாட்டுகளுக்கு யூடியூப் தானாகவே உண்டாக்குகிற சேனல்தான் அது. ஸ்பாட்டிஃபையில் தேடியபோது அவனுக்கு இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால். மூன்றாவது பாட்டு, எங்கோ வடக்கே இருக்கிற அதே பேர்க்காரர் ஒருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. நான்கு பாட்டு, ஐந்து இடம். ஒரு பாட்டைக் கேட்டுப் பிடித்துப்போனவருக்கு அடுத்த பாட்டுக்குப் போக வழியே இல்லை.

இதில் நடப்பது என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு நம் முகம் தெரியாது, குரலும் தெரியாது. பாட்டோடு சேர்த்து நாம் எழுதி அனுப்புகிற விவரங்கள்தான் தெரியும். கலைஞர் பேர், பாட்டின் பேர், எழுதியவர், இசையமைத்தவர், மொழி. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடினாலும் அந்த எந்திரத்துக்கு அது வேறு ஆள். தமிழ்ப் பேர்களுக்கு இது கூடுதல் தொல்லை, ஏனென்றால் ஒரே பேரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். அப்பா ஆதாரில் ஒரு விதமாகவும் பள்ளிக்கூடத்தில் வேறு விதமாகவும் எழுதியிருப்பார். ஆகவே முதல் பாட்டு வெளியே போவதற்கு முன்னாலேயே ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, யூடியூப், இன்ஸ்டாகிராம், ஸ்ட்ரீமிங் தளம், நோட்டீஸ், பிளெக்ஸ் எல்லாவற்றிலும் அதையே போட வேண்டும்.

அவன் பக்கத்தைச் சரி செய்ய இரண்டு மாதம் ஆனது. ஸ்பாட்டிஃபையில் கலைஞர்களுக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. அதன் வழியாகத் தவறான பக்கத்தில் போன பாட்டைத் திருப்பச் சொல்லிக் கேட்கலாம். அதே கணக்கு வழியாகப் புதிய பாட்டை வெளியாவதற்கு ஏழு நாளாவது முன்னால் அனுப்பினால், அவர்களுடைய ஆசிரியர் குழு தயாரிக்கும் பட்டியல்களுக்குப் பரிசீலிக்கச் சொல்லலாம். யூடியூபிலும் அந்தத் தானியங்கிச் சேனலைத் தன் சேனலோடு சேர்த்து ஒரே கலைஞர் சேனலாக்க வழி இருக்கிறது, விநியோக நிறுவனத்தின் மூலமே கேட்கலாம். அப்புறம் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று 12 எழுத்தும் எண்ணுமான அடையாளக் குறி ஒன்று கொடுப்பார்கள். அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். விநியோக நிறுவனத்தை மாற்றும்போது அதே குறியோடு அனுப்பினால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை புதியதோடு சேரும். பையன் இதையெல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

சரி, பேர் ஒழுங்காயிற்று. அந்தப் பேருக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். இங்கேதான் நம் பிள்ளைகள் தங்களிடம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

மார்த்தாண்டம் பக்கத்தில் வளர்கிற ஒரு பிள்ளையின் காதில் என்னவெல்லாம் விழுகிறது என்று பாருங்கள். கொடை வந்தால் வில்லுப்பாட்டு. நீண்ட வில்லில் கட்டிய மணிகள், வீசுகோல் அடிக்கிற அடி, குடத்தின் வாயில் பத்தி என்கிற தட்டும் பட்டை விழுகிற அந்தக் கும்மென்ற சத்தம், உடுக்கை, தாளம், கட்டை. டிசம்பர் வந்தால் வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸ். ஆலயப் பாடகர் குழுவில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரலாகப் பிரிந்து பாடுவது இங்கே பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மைலாடியில் 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து சேர்ந்ததிலிருந்து சீர்திருத்தச் சபைப் பாடல் மரபு இந்த மண்ணில் இருக்கிறது. தக்கலையில் சூஃபிப் புலவர் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை ரஜப் மாதத்தில் ஓர் இரவு முழுவதும் கூடிப் பாடுகிறார்கள். மேற்கே எல்லையைத் தாண்டினால் கானமேளா, செண்டை. சில ஊர்களில் களியலாட்டத்துக்குக் கோல் தட்டுகிற சத்தம். இவ்வளவும் ஒரு பேருந்துப் பயண தூரத்துக்குள் கேட்கிற இடம் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்?

அந்தக் காது ஒருவருக்குச் சொத்து. சென்னையில் நல்ல ஸ்டுடியோ இருக்கலாம், விலையுயர்ந்த மைக் இருக்கலாம். கொடைக்கும் கேரலுக்கும் நடுவில் வளர்ந்த காதை வாங்க முடியாது. நான்கு குரல் இசைவில் பழகிய பிள்ளை வில்லுப்பாட்டு மெட்டு ஒன்றை எடுத்துப் பாடினால், பின்பாட்டுக்காரர்கள் “ஆமா” போடுகிற இடத்தில் அவனுக்குத் தானாகவே ஆல்டோ வரும். அது இங்கேதான் வரும்.

மொழியும் அப்படியே. நம் பேச்சில் “பைய” என்றால் மெதுவாக. “மக்கா” என்று நண்பனையும் பிள்ளையையும் கூப்பிடுகிறோம். மரச்சீனி, ஏத்தன்பழம், சாயா. பாட வருகிற பிள்ளைகள் பலர் மைக்கைப் பிடித்ததும் இந்தப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு சினிமாத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள். உச்சரிப்பு திருத்தமாக இருக்க வேண்டும் என்ற பயம் அது. அந்தப் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன், வெளியூரில் நம் பேச்சை மலையாளம் என்று சொல்லிக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் கேட்பவர் ஒரு பாட்டை ஆயிரம் பாட்டுகளுக்கு நடுவில் அடையாளம் காண்பது பெரும்பாலும் ஒரு சொல்லால், ஒரு இழுவையால்தான். ஊர்ப்பேச்சை அழகுக்காகத் தூவினால் அது வேஷம் போலத் தெரிந்துவிடும். அம்மாவோடு பேசுகிற வாக்கியத்திலேயே ஒரு பாட்டை எழுதிப் பார்த்தால் அது தானாக உட்காரும்.

இதை நன்றாகச் செய்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் சினிமாவில் எவ்வளவு உயரம் போனபோதும் வில்லுப்பாட்டையும் கதை சொல்கிற அந்த ஊர் முறையையும் விடவில்லை. அவரோடு சேர்ந்து பணியாற்றிய நெல்லைக்காரர் சுப்பு ஆறுமுகம், கோயில் முற்றத்தில் இருந்த வில்லை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனார், சாமி கதைகளோடு சமூக விஷயங்களையும் பாடினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், 2022 அக்டோபரில் மறைந்தார். வில்லிசை என்ற சொல்லையும் சுப்பு ஆறுமுகம் என்ற பேரையும் பிரித்துச் சொல்லத் தமிழ்நாட்டுக்கு வெகுகாலம் தெரியாமல் இருந்தது. கலை வடிவமும் பேரும் அப்படி ஒன்றாவதற்கு ஒருவர் வாழ்நாள் முழுக்க ஒரே திசையில் நடக்க வேண்டும். கொட்டாரம் பக்கத்துப் பூங்கனி அம்மா, ஆண்களே நிறைந்திருந்த வில்லுப்பாட்டில் வில்லின் முன்னால் தலைமைப் பாடகியாக உட்கார்ந்தவர். 2018இல் அவர் காலமானபோது அவர் பாடிய கொடைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒலிப்பதிவே இல்லை. நேரில் கேட்டவர்கள் நினைவில்தான் அந்தக் குரல் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

அதனால்தான் ஒலிப்பதிவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கொடையிலோ ஆலயத் திருவிழாவிலோ கைப்பேசியில் எடுக்கிற வீடியோவில் ஒலி ஏன் கரகரவென்று இருக்கிறது? கைப்பேசி கேட்பது பாடுபவரின் குரலை அல்ல, பந்தலில் கட்டிய ஹாரன் ஸ்பீக்கரை. ஹாரன் தூரத்துக்குக் கேட்பதற்காகச் செய்தது, அதில் குரலின் அடிப்பகுதி போய்விடும், குடத்தின் சத்தம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். இதற்குப் பெரிய செலவு இல்லாத வழி உண்டு. மைக் செட் அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்லி, மிக்சரிலிருந்து ஒரு லைன் எடுத்து சின்ன ரிக்கார்டரில் போடலாம். குடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மைக் வைத்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்து வீடியோவின் ஒலியை எடுத்துவிட்டு இதை வைத்தால் அதே நிகழ்ச்சி வேறு நிகழ்ச்சி போலக் கேட்கும். துபாயில் இருக்கிற கமிட்டிப் பையன் முதல் இருபது நொடியில் கேட்கப் போவது இந்த ஒலியைத்தான்.

மற்றவர் பாட்டைப் பாடுவது பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டு மெல்லிசையில் பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடித்தான் ஆக வேண்டும், அது பிழைப்பு, அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பெரிய பாடகரின் பேருக்கு முன்னால் “இளைய” என்றோ “ஜூனியர்” என்றோ போட்டுக்கொள்வது வேறு. அழைப்பு உடனே வரும், கைத்தட்டலும் வரும். ஆனால் அந்தக் கைத்தட்டல் பெரியவருக்குப் போகும், பாடியவர் பேர் யாருக்கும் நினைவிருக்காது. யூடியூபில் கவர் பாட்டு போட்டாலும் பணக் கணக்கு இதே மாதிரிதான். உரிமையாளர், பாட்டைத் தானாகவே அடையாளம் காணும் யூடியூபின் கான்டென்ட் ஐடி வழியாகக் கோரினால் வருமானம் அவருக்கே போகலாம். பத்துக் கவர் பாடினால் நடுவில் ஒரு சொந்தப் பாட்டாவது இருக்கட்டும் என்பேன். வில்லுப்பாட்டுப் புலவர்கள் பழைய கதையைத்தான் பாடுகிறார்கள், ஆனால் அதைச் சொல்கிற விதம் சொந்தம். கமிட்டிப் பெரியவர் அந்த அக்காவைக் கேட்டது நீலி கதைக்காக அல்ல. நீலி கதை எல்லாருக்கும் தெரியும்.

மரபுப் பாட்டைப் பதிவு செய்பவர்களுக்கு ஒரு தொல்லை வருகிறது. யாரோ ஒருவர் அதே தாலாட்டையோ கும்மியையோ முன்பே பதிவு செய்து விநியோகம் பண்ணியிருந்தால், நம்முடைய பதிவின் மேல் தானியங்கி உரிமைக் கோரல் வந்து நிற்கும். மரபுப் பாட்டுக்குத் தனி உரிமையாளர் கிடையாது, நம் குரலில் நாம் செய்த ஒலிப்பதிவு நம்முடையது. அதைச் சொல்லி மறுப்புத் தெரிவிக்கலாம். அதற்கு எங்கே, எப்போது, யார் வாசித்துப் பதிவு செய்தோம் என்ற குறிப்பு கையில் இருக்க வேண்டும்.

உரிமை என்று வந்துவிட்டதால் இன்னும் கொஞ்சம். கேசட் காலத்தில் பக்திப் பாட்டுக்காரர்கள் ஒரு தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும், எழுதியவருக்கு அதற்குமேல் ஒன்றும் வராது. 2012இல் காப்புரிமைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில் தங்களுக்குள்ள பங்கை அப்படி முழுதாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. இந்தியாவில் இசைப் படைப்புக்குப் படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. எழுதுபவர்களும் மெட்டமைப்பவர்களும் அவர்களுக்கான ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிற, 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகித் தங்கள் பாட்டுகளைப் பதிவு செய்து வைத்தால்தான் அந்தப் பங்கு வந்து சேர வழி உண்டாகும். இங்கே எழுதிய எத்தனையோ கீர்த்தனைகளும் கொடைப் பாட்டுகளும் எழுதியவர் பேர் இல்லாமல் சுற்றுகின்றன. யூடியூபில் போடும்போது பாட்டின் கீழே எழுதியவர் பேர், மெட்டு, குடம் வாசித்தவர் பேர் எல்லாவற்றையும் எழுதுவது மரியாதை மட்டும் அல்ல, நாளைக்கு அது சாட்சியும் ஆகும்.

பேரைச் சட்டப்படி காக்க நினைத்தால் வர்த்தக முத்திரையாகப் பதியலாம். இசை நிகழ்ச்சிகள் 41ஆம் வகுப்பில் வரும். தனி நபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய், பதிவு பத்து ஆண்டுக்கு, அப்புறம் புதுப்பிக்கலாம். குழுவாக இயங்குபவர்கள் இதை முதலிலேயே யாருடைய பேரில் என்று உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வது நல்லது. குழு உடையும்போது பேர் யாருக்கு என்ற சண்டையில் நல்ல செட்டுகள் இரண்டு மூன்று அழிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பண வரவைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையும் வேண்டும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அந்த ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. ஆக, தொடங்குகிற ஒருவருக்கு இங்கிருந்து வருகிற பணத்தில் குடும்பம் நடக்காது. பணம் மேடையிலிருந்தும் வகுப்பு எடுப்பதிலிருந்தும்தான் வரும். இணையத்தில் இருக்கிற பாட்டு அந்த மேடைக்கு ஆள் அனுப்புகிறது. கணக்கை இப்படிப் பார்த்தால் மனம் சோராது.

படம், லோகோ, நிறம் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம், எல்லா இடத்திலும் அதே படம், போதும்.

ஆனால் நம் மாவட்டத்தில் மட்டும் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே ஒருவர் எங்கே முதலில் பாடினாரோ அந்த இடம் அவர்மேல் ஒட்டிக்கொள்ளும். ஆலயத்தில் தொடங்கினால் “சர்ச் பாட்டுக்காரன்”, கொடையில் தொடங்கினால் “கோயில் பாட்டுக்காரன்”. பக்தியோடு அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்பவர்களுக்கு அது நிறைவு. எல்லாருக்கும் பாட நினைப்பவர், தொடக்கத்திலேயே மழையைப் பற்றி, கடலைப் பற்றி, தோவாளைப் பூச்சந்தையைப் பற்றி, வள்ளத்தில் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி ஒன்றிரண்டு பாட்டுகளைப் போட்டு வைப்பது நல்லது. ஒகிப் புயல் 2017 நவம்பர் கடைசியில் இந்தக் கரையில் எத்தனை வீடுகளை வெறுமையாக்கிவிட்டுப் போனது. அந்த வீடுகளுக்குப் பாடுகிற பாட்டை எந்த முற்றத்தில் வைத்தும் பாடலாம்.

பழைய அங்கீகாரங்களையும் விட்டுவிட வேண்டாம். 1984இல் தொடங்கிய நாகர்கோவில் வானொலி, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். ஆகாசவாணியில் குரல் தேர்வில் பாடி கிரேடு வாங்கியவர் என்று நோட்டீஸில் போட்டால் இன்றைக்கும் கமிட்டிக்காரர்கள் ஒரு முறை நின்று படிப்பார்கள். மாவட்ட அளவில் கொடுக்கிற கலை இளமணி, கலை வளர்மணி விருதுகளுக்கு வயது வரம்பு உண்டு. வளர்மணி 19 முதல் 35 வரை. பலர் தெரியாமலே அந்த வயதைக் கடந்துவிடுகிறார்கள்.

எங்கள் தெருப் பையன் கடைசியில் தன் பேரோடு அம்மாவின் ஊர்ப்பேரைச் சேர்த்துக்கொண்டான். கடற்கரை ஓரத்துச் சின்ன ஊர். அந்தப் பேரில் தேடினால் இப்போது அவன் மட்டும்தான் வருகிறான். ஐந்தாவதாக ஒரு பாட்டு எழுதியிருக்கிறான், குடம் வாசிக்கிற ஒரு தாத்தாவை வீட்டுக்குக் கூப்பிட்டு, மாடி அறையில் போர்வைகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். தாத்தாவின் பேரை எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டான்.

போன மாதம் ஒரு திருவிழா நோட்டீஸில் அவன் பேர் முதல் முறையாக வருவதாக இருந்தது. நாகர்கோவிலில் அச்சகத்துக்கு என்னையும் கூட்டிப்போனான். திரையில் ப்ரூப் காட்டினார்கள். “இன்னிசைப் பாடகர்” என்று போட்டு, அதற்குக் கீழே ஊர்ப்பேரை விட்டுவிட்டுப் பேரை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். இடம் பத்தாது தம்பி என்றார் டிசைன் செய்த அண்ணன். பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். “அப்போ இன்னிசைப் பாடகரை எடுத்திருங்க அண்ணே. ஊர் இருக்கட்டும்” என்றான்.